வேலை விண்ணப்பத்தில் ‘கங் ஹோ’ என்று எழுதலாமா?

ஆங்கில விண்ணப்பத்தில் “ஐ யாம் கங் ஹோ (gung ho) அபௌட் திஸ் ஜாப்” என்று எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். எழுத வேண்டாம். அந்த வரியில் ‘கீன்’ அல்லது ‘என்தூசியாஸ்டிக்’ என்பதே பொருந்தும். ‘கீன்’ என்றால் அதன் பின்னால் ‘அபௌட்’டை விட ‘ஆன்’ வருவதே பெருவழக்கு.

நீங்கள் பார்த்த அகராதி ‘மிகுந்த உற்சாகமுள்ள’ என்று மட்டும் பொருள் சொல்லி நிறுத்தியிருக்கும் என நினைக்கிறேன். அந்த உற்சாகத்தோடு, பின்விளைவை எண்ணாமல் பாய்கிற அவசரமும், சில இடங்களில் சண்டைக்குத் துடிக்கிற வேகமும் இச்சொல்லில் கலந்திருக்கின்றன. 1938இல் சீனாவில் உருவான தொழிற் கூட்டுறவு அமைப்பின் பெயர்ச்சுருக்கமான இச்சொல்லை, ‘சேர்ந்து உழைப்போம்’ என்ற பொருளில் அமெரிக்க மரீன் படை அதிகாரி எவன்ஸ் கார்ல்சன் 1942இல் தம் வீரர்களின் முழக்கமாக்கினார். கூட்டுறவுக்குப் பிறந்த சொல்லில் இன்றும் வீசுவது போர்க்களத்தின் வாடைதான்.

ஐயம் வந்தால், அவ்விடத்தில் ‘முன்பின் பாராத ஆர்வம்’ என்று தமிழில் வைத்துப் படித்துப் பாருங்கள். “கணக்குப் பிரிவில் பணியாற்ற முன்பின் பாராத ஆர்வம் கொண்டுள்ளேன்” என்பது உங்களுக்கே நெருடும்.

ஆனால் அமெரிக்கர் ஒருவர் பேச்சில் உங்களை ‘கங் ஹோ’ என்றால் உடனே குறையாகக் கொள்ள வேண்டாம். நண்பர்களிடையே அது மனமாரச் சொல்லும் பாராட்டாகவும் வருவதுண்டு.