கூர்மாயர் தாண்டியதும் ஜெல் தங்கவில்லை என்றால்

அடுத்த ஜெல்லை (ஓடும்போது விழுங்கும் கெட்டிச் சர்க்கரைக் கூழ்) தொடாதீர்கள், முதலில் வேகத்தைக் குறையுங்கள். மோன் பிளாங் மலையைச் சுற்றும் நெடுந்தூர ஓட்டத்தில் இத்தாலிய ஊரான கூர்மாயருக்குப் பிறகு வரும் பெர்த்தோனே ஏற்றத்தில் எல்லாம் வாந்தியாகிறது என்கிறீர்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்கு 20 நிமிடம் நடங்கள். அப்புறம் ஒவ்வொரு வாயாகத் தண்ணீர். அது தங்கினால் அடுத்த உணவு முகாமில் கொஞ்சம் சூப்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: ஏற்றத்தில் ரத்தம் கால் தசைகளுக்குப் போய்விட, குடலுக்குக் குறைகிறது. தண்ணீரில்லாமல் விழுங்கிய கெட்டிச் சர்க்கரை வயிற்றிலேயே கிடக்கும்.

நடக்கும்போது வயிறு தளும்புகிறதா பாருங்கள். தளும்பினால் குடிப்பதையும் சற்று நிறுத்துங்கள். விரல் வீங்கி மோதிரம் இறுகினால் தண்ணீர் மிகுந்து ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். முகாம் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இபுபுரூஃபன் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஆபத்து. வாந்தியில் ரத்தமோ, மனக்குழப்பமோ தெரிந்தால் ஓட்டத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.