கணவர் ஊர் திரும்பிவிட்டார், விவாகரத்து ஆகவில்லை: ‘ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்’ எனத் தாக்கல் செய்யலாமா?

கணவர் 2025 செப்டம்பரில் சென்னைக்கே திரும்பிவிட்டார், விவாகரத்து ஆகவில்லை, மகன் அமெரிக்காவில் என்னுடன் இருக்கிறான், 2025ஆம் ஆண்டின் வருமான வரியை ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (பிள்ளையோடு வீட்டை நடத்தும் மணமாகாதவருக்கு வரிச் சலுகை தரும் தகுதி) என்று தாக்கல் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விவாகரத்துத் தீர்ப்பு நகல் கையில் இல்லாமல் முடியவே முடியாது என்று இங்கே இருவர் அடித்துச் சொல்லியிருப்பதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. எனக்கும் இதே வார்த்தைகளைத்தான் ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னார்.

நான் சிபிஏ (அமெரிக்கப் பட்டயக் கணக்காளர்) படித்தவள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் டிசம்பர் 31 அன்று சட்டப்படி மணமானவராக இருப்பவரையும் இந்தத் தகுதிக்காக மணமாகாதவராகக் கருத வழி இருக்கிறது என்பது அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ் வெளியிடும் பப்ளிகேஷன் 501 என்ற வழிகாட்டியில் தெளிவாகவே உள்ளது. ஆண்டின் கடைசி ஆறு மாதங்களில் கணவர் அந்த வீட்டில் வசித்திருக்கக் கூடாது என்பது முதல் வழி. உங்கள் கணவர் செப்டம்பர் வரை உடனிருந்ததால் 2025க்கு இது பொருந்தாது. அந்த ஆண்டில் எப்போதேனும் அவர் வரிச் சட்டப்படி நான்ரெசிடென்ட் ஏலியனாக (வரிக் கணக்கில் அமெரிக்காவில் வசிப்பவராகக் கருதப்படாத வெளிநாட்டவராக) இருந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது வழி. அவர் எச்1பி என்ற வேலை விசாவில் இருந்து, வேலையும் குடியிருப்பும் இனி இந்தியாவில்தான் என்று முடிவாகிப் போயிருந்தால், புறப்பட்ட பிறகு வந்த மாதங்களில் பெரும்பாலும் அந்த நிலைக்கு வந்திருப்பார். அவரை ரெசிடென்ட்டாகவே கருதும்படி கேட்டு இருவரும் சேர்ந்து ஒரே வரிக் கணக்காகக் கூட்டு ரிட்டர்ன் போடாதவரை இந்த வழி உங்களுக்கு உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்றால், அவர் மயிலாப்பூரில் குடியிருந்தாலும் பொதுவாக ரெசிடென்ட்தான், ஆகவே உங்களுக்கு 2025க்கு இத்தகுதி கிடைக்காது. அவர் எந்த விசாவில் இருந்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை. விடையோ அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. நீங்களும் ஆண்டு முழுவதும் ரெசிடென்ட்டாக இருந்திருக்க வேண்டும். மகன் இங்கே பிறந்தவன் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வந்தது முதல் வழியில். 2024 பிப்ரவரியில் என் கணவர் வேறு மாநிலத்தில் தனி வீடு பார்த்துக்கொண்டு போனார். வழக்கு அப்போது தொடங்கவே இல்லை. நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கும் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஒருவரிடம் போனபோது, அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், மணமாகித் தனியாகத் தாக்கல் செய்பவர் என்ற கட்டத்தில் குறியிட்டார். அந்தக் கட்டத்தில் 2024க்கு, வருமானத்தில் கணக்குக் காட்டாமலே கழித்துக்கொள்ளும் தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 14,600 டாலர், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்கு 21,900 டாலர். (2025க்கு முறையே 15,750, 23,625.) வரி விகிதத்துக்கான வரம்புகளும் பிந்தையதில் தாராளமானவை. அச்செடுத்துப் போயிருந்த பப்ளிகேஷன் 501இன் பக்கத்தை அவர் மேசையில் வைத்து, படித்துவிட்டு மறுபடி குறியிடுங்கள் என்றேன். அதன் பிறகுதான் கேள்விகளே கேட்கத் தொடங்கினார். ரிட்டர்ன் தயாரிப்பவர் இந்தத் தகுதியை விசாரித்து உறுதி செய்ததாகப் படிவம் 8867இல் எழுதிக் கொடுக்க வேண்டும், தவறினால் அவருக்கு அபராதம் உண்டு. விசாரிப்பதைவிட இல்லை என்று சொல்லிவிடுவது அவருக்கு எளிது.

மகள் கோடை விடுமுறையில் திருநெல்வேலியில் பாட்டி வீட்டில் இருந்தாளே, அவள் உங்களுடன் வசித்த நாட்களிலிருந்து அவற்றைக் கழிக்க வேண்டாமா என்று கேட்டார். விடுமுறை, படிப்பு, நோய் ஆகியவற்றுக்காகத் தற்காலிகமாக வெளியே இருந்த நாட்களும் வீட்டில் வசித்தவையாகவே கணக்காகும். ஆனால் இதே விதி கணவருக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிடாதீர்கள்: புராஜெக்டுக்காக டல்லாஸ் போய் வார இறுதியில் திரும்பி வருபவர் சட்டத்தின் கண்ணில் வீட்டிலேயே இருப்பவர்தான். அடுத்து, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நான் கொடுத்தேனா என்ற கேள்வி வந்தது. வாடகை, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட மளிகை, குழாய் பழுது பார்த்த கூலி ஆகியவை இதில் சேரும். உடை, படிப்பு, மருத்துவம், கார் முதலியவை சேரா. கணவர் அனுப்பிய பணம் மகளின் பல் கிளிப்புக்கும் வயலின் வகுப்புக்கும் போயிருந்தது. அவர் தரப்பில் அதைப் பெரிய தொகையாகப் பேசினார்கள், பெரிய தொகைதான். ஆனால் இந்தக் கணக்கில் அதில் ஒரு சென்ட்டுக்கும் இடமில்லை.

உண்மையில் என்னை அலைக்கழித்தது அடுக்ககத்தின் லீஸ் அலுவலகம். வீட்டில் இல்லாதவரின் பெயரை லீஸிலிருந்து நீக்க அவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார்கள். வாடகையை உயர்த்துவதற்கு மட்டும் என் ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது. ரிட்டர்ன் போட்ட பிறகு ஐஆர்எஸ்ஸிலிருந்து ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தபோது இந்தப் பெயர் இடறியது. கூடவே வந்த படிவம் 886-எச்-எச்ஓஎச் என்னென்ன காகிதங்கள் ஏற்கப்படும் என்று சொல்கிறது. மகளின் முகவரியோடு பள்ளியின் கடிதத்தாளில் ஒரு சான்று, என் தனிக்கணக்கிலிருந்து போன வாடகை, கணவரின் புதிய வீட்டு லீஸ் நகல் ஆகியவற்றை அனுப்பினேன்; கேள்வி அத்துடன் முடிந்தது.

வரி மிச்சம் பிடிக்கக் குடும்பத்தைப் பிரித்துக் காட்டுவதா என்று சிலர் கீழே எழுதக்கூடும். சேர்ந்தே போட்டிருந்தால் 29,200 டாலர் டிடக்‌ஷன் கிடைத்திருக்கும், என் மாமியார் வீட்டாரும் அதைத்தான் சொன்னார்கள். கூட்டு ரிட்டர்னில் கையெழுத்திட்டால் அவர் காட்டாமல் விட்ட வருமானத்துக்கான வரிக்கும் நானும் முழுப் பொறுப்பாளி ஆவேன் என்பதை அவர்களில் யாரும் சொல்லவில்லை.

உங்கள் விஷயத்தில், கணவருடைய விமானச் சீட்டு நகலையும் அங்கே வேலையில் சேர்ந்ததற்கான கடிதத்தையும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இன்று ஒரு வாட்ஸாப் செய்தியில் கிடைப்பவை, பேச்சு முறிந்த பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் எளிதில் கிடைப்பதில்லை.