புரிகிறது, பேச மாட்டேன் என்கிறாள்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். கண்டித்தால் வாயை மூடிக்கொள்கிறாள். என்ன செய்வது?

பதில்: முதலில் கண்டிப்பதை நிறுத்துங்கள், அம்மா. கேட்டுப் புரிந்துகொள்கிறாள் என்றால் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. ஆனால் இப்படியே விட்டால் அவள் பிள்ளைகளுக்கு அந்தப் புரிதலும் கிடைக்காது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இந்தப் பயத்தில்தான் 1982இல் 'கோஹங்கா ரேயோ' என்ற மழலையர் கூடங்களைத் தொடங்கினார்கள். இலக்கண வகுப்பு இல்லை. பெரியவர்கள் நாள் முழுக்கத் தங்கள் மொழியிலேயே குழந்தைகளோடு புழங்கினார்கள், அவ்வளவுதான்.

உங்கள் மகள் மழலை இல்லையே என்பீர்கள். என் அக்கா மகனும் இந்த வயதுதான். வீடியோ கேமில் தோற்றால் மட்டும் சுத்தத் தமிழில் வசை பொழிவான்! அந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடு என்றேன். இந்த மக்குச் சித்திக்குப் புரியட்டுமென்று தமிழில் விளக்க ஆரம்பித்தான். பாதிச் சொற்கள் ஆங்கிலம்தான். இருக்கட்டுமே, வினைச்சொல் தமிழாக இருந்ததே! நடுவில் திருத்தியிருந்தால் எழுந்து போயிருப்பான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். மதிப்பெண், கல்லூரி, எதிர்காலம் பற்றியெல்லாம் அவளிடம் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? திட்டுவதற்குத் தமிழ், முக்கியமான பேச்சுக்கு ஆங்கிலம் என்றால் எதற்கு மதிப்பு என்று பிள்ளைகள் சட்டென்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அவளுடைய மேற்படிப்புப் பேச்சை இன்றைக்கே தமிழில் எடுங்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தாலும் நீங்கள் மாறாதீர்கள்.