தூக்கத்தில் கை வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 31. குமாரபாளையம் பக்கம் ஒரு கிராமம். பி.காம். முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பெரியவள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. சின்னவனுக்கு இரண்டரை வயது. கணவருக்கு நூற்பாலையில் வேலை, வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். மாமியாருக்கு முட்டிவலி. இரவு படுக்கப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. நாலு மணிக்கு எழுந்து ஆறு மணி வரை படிக்கிறேன். நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லை. எத்தனை அட்டவணை போட்டாலும் சில நாளில் குலைந்துபோகிறது. சோறு ஊட்டும்போதுகூடப் புத்தகத்தைப் பார்ப்பதால், "அம்மாவுக்கு எப்பப் பாரு புக்குதான்" என்கிறாள் பெரியவள். நான் ஆசைப்படுவது தப்பா? நேரத்தை எப்படிப் பிரிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. குடும்பத்துக்கு நிரந்தரமாக ஒரு வருமானம் வரட்டும், நமக்கென்று ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் நாலரை மணி நேரத் தூக்கத்தை வைத்துக்கொண்டு இந்தத் தேர்வை எழுத முடியாது. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பகலில் படித்தது மனதில் தங்குவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் குறைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தால் கண் வரிகளின் மேல் ஓடும், உள்ளே ஒன்றும் போகாது. உங்கள் ஞாபகசக்தியில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, களைப்புதான் காரணம். இன்றிரவிலிருந்தே பத்து மணிக்குப் படுங்கள். ஐந்து மணிக்கு எழுந்தால் போதும்.

அப்படியானால் படிக்க நேரம் எங்கிருந்து வரும்? அடுப்படியிலிருந்தும் வீட்டிலுள்ள மற்றவர்களிடமிருந்தும்தான் வர வேண்டும். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் கொடுத்தது 97 நிமிடம். உங்கள் நாளும் இந்தக் கணக்குக்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறது. நேரத்தைப் பிரிப்பதற்கு முன்னால் வேலையைப் பிரியுங்கள்.

பெரியவள் படிப்பது அரசுப் பள்ளி என்கிறீர்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகப் போடுகிறார்கள். மதியம் சத்துணவும் முட்டையும் இருக்கின்றன. "வீட்டில் சமைக்க மாட்டாளா என்று பேசுவார்கள்" என்ற தயக்கத்தில் பல தாய்மார்கள் டப்பா கட்டி அனுப்புகிறார்கள். தயவுசெய்து அந்தத் தயக்கத்தை விடுங்கள். அது குழந்தைகளின் உரிமை. காலையில் அவளுக்கென்று தனியாகத் தோசை வார்ப்பது நின்றாலே அரை மணி நேரம் உங்கள் கைக்கு வரும். சின்னவனையும் அங்கன்வாடியில் சேர்க்கலாம், இரண்டு வயது முடிந்தால் போதும். முதல் வாரம் அழுவான். பிறகு பழகிவிடுவான். நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்து படிக்கக்கூடிய நேரம் அதுதான். அந்த நேரத்தில் துணி துவைக்கப் போய்விடாதீர்கள்.

அட்டவணை ஏன் குலைகிறது என்றால், உங்கள் வீட்டில் ஒரு வாரம் மாதிரி அடுத்த வாரம் இருப்பதில்லை. அதனால் ஒரே அட்டவணை ஒத்துவராது, ஷிப்டுக்கு ஒன்று போடுங்கள். அவருக்குக் காலை ஷிப்ட் என்றால் சாயங்காலம் வீட்டில் இருப்பார். அந்த வாரம் இரவுச் சாப்பாடும், குழந்தைகளைத் தூங்கவைப்பதும் அவர் பொறுப்பு. மதிய ஷிப்ட் வாரத்தில் காலையில் இருப்பார். பெரியவளைக் குளிப்பாட்டிக் கிளப்பிப் பள்ளியில் விடுவதும், சின்னவனை அங்கன்வாடிக்குக் கூட்டிப்போவதும் அவருடையது. இரவு ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில் தூங்கியாக வேண்டும், அதில் கை வைப்பது நியாயமில்லை. அந்த வாரத்தில் புதிய பாடம் எதையும் எடுக்காதீர்கள், படித்ததைத் திருப்பிப் பார்த்தால் போதும். குறைவாகப் படித்துவிட்டோமே என்ற வருத்தமும் வேண்டாம்.

அவரிடம் "கொஞ்சம் உதவி செய்யுங்க" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் என்ன குழம்பு, எவ்வளவு உப்பு என்று நூறு கேள்வி உங்களிடமே வரும். "இந்த வாரம் ராத்திரிச் சாப்பாடு உங்களோடது, நான் அடுப்படிப் பக்கம் வர மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் சில நாள் தோசையும் பொடியும்தான் கிடைக்கும். கிடைக்கட்டும். ரசத்தில் உப்புக் கூடினாலும் நீங்கள் எழுந்து போகாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

மாமியார் முட்டிவலியோடு இரண்டரை வயதுப் பையனின் பின்னால் ஓட முடியாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் சின்ன வெங்காயம் உரிப்பார், கீரை ஆய்வார், பெரியவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் தமிழ்ப் பாடம் வாசிப்பதைக் கேட்பார். முறையாகக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் பல பேர் யாராவது கேட்கட்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள்.

சமையலைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை மாவு ஆட்டும்போது இரண்டு நாளைக்கு வேண்டியதை வெளியே புளிக்க வையுங்கள், மிச்சத்தை உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வாரக் கடைசி வரை வரும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு இந்த மூன்றும் இருந்தால் எந்த ராத்திரியும் ஓடிவிடும். தினம் குழம்பு, பொரியல், ரசம் எல்லாம் வேண்டும் என்பதைத் தேர்வு முடியும்வரை தள்ளிவையுங்கள்.

அப்புறம் படிப்பு. மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி, 150 மதிப்பெண் தமிழுக்கு. தமிழில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மீதி 100 கேள்வியில் பொது அறிவுக்கு 75, கணக்குக்கும் திறனறிவுக்கும் சேர்த்து 25. உங்களுக்குக் கிடைப்பது இரண்டு வகை நேரம். குழந்தைகள் இல்லாத அமைதியான நேரத்தில் கணக்குப் போடுங்கள். தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.சி.ம., நேரமும் வேலையும் இதையெல்லாம் இடையில் ஒருவர் கூப்பிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். துண்டு துண்டான நேரத்துக்குத் தமிழ் சரிப்படும். எதிர்ச்சொல், பிரித்தெழுதுக, நூலும் ஆசிரியரும் போன்றவற்றை ஒரு குயர் நோட்டில் கேள்வியை இடப்பக்கமும் விடையை வலப்பக்கமும் எழுதுங்கள். வெங்காயம் வதங்கும்போது வலப்பக்கத்தை மூடிக்கொண்டு ஒரு பத்து கேள்வி. ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை வாசிப்பதைவிட, மூடிவைத்து விடை சொல்லிப் பார்ப்பதில்தான் நன்றாகப் பதியும். ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகங்களை முதலில் முடியுங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து கைடு வாங்குவதற்கு முன் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள், அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவசப் பயிற்சி நடத்துகிறார்கள்.

பெரியவள் சொன்னது உங்களை வாட்டுகிறது என்று புரிகிறது. அவள் புத்தகத்தைக் குறை சொல்லவில்லை, ஊட்டும் நேரத்தில் உங்கள் கண் தன் மேல் இல்லை என்கிறாள். அதனால் சாப்பாட்டு வேளையில் மட்டும் புத்தகம் வேண்டாம். அந்த இருபது நிமிடத்தை இரண்டு பேருக்கும் முழுசாகக் கொடுங்கள். படிக்கும் நேரம் வந்ததும், "அம்மாவுக்குப் பரீட்சை இருக்கு, ஒரு மணி நேரம் படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். ஏழு வயதுக் குழந்தைக்குப் பரீட்சை என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். நோட்டைக் கொடுத்து, உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். தேர்வுத் தேதி அறிவித்த அன்றே கணவரை ஆலையில் சொல்லிவைத்து அன்றைக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் லீவு போடச் சொல்லுங்கள். தேர்வு காலையில் நடக்கும், தாமதமாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள். மையம் வெளியூரில் விழுந்தால் விடிவதற்குள் பஸ் ஏற வேண்டியிருக்கும். சின்னவன் எழுந்ததும் உங்களைத் தேடுவான். அன்று காலை அவன் பக்கத்தில் யார் இருப்பது என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.