கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அமெரிக்க செனட்டில் உள்நாட்டுப் பாதுகாப்பையும் அரசு நிர்வாகத்தையும் கண்காணிக்க ஒரு குழு இருக்கிறது. அதிகாரிகளை உட்காரவைத்து, டிவி கேமரா முன்னாலேயே குடைகிறார்கள். நம்மிடம் அப்படி எதுவும் இல்லையா? தர்மபுரிக்கு அடிக்கடி வரும் சட்டமன்றக் குழு எதற்கு?

– வாசகர், பாலக்கோடு

பதில்: டெல்லியில் இருக்கிறது. உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. குடைவதெல்லாம் அங்கேயும் உண்டு, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு. கோப்பைக் கேட்கலாம், நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு என்று அரசு கைவிரிக்கவும் வழி உண்டு.

இப்போது எஃப்.ஐ.ஆரில் பி.என்.எஸ். என்று எழுதுகிறார்களே, பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அந்தச் சட்ட மசோதா 2023-இல் இந்தக் குழுவிடம்தான் போனது. சில திருத்தங்களை அரசு ஏற்று, டிசம்பரில் புது மசோதாவே கொண்டுவந்தது. பிறன்மனை உறவை ஆண், பெண் இருவருக்கும் பொதுவான குற்றமாக வையுங்கள் என்றது குழு. அதை அரசு கண்டுகொள்ளவில்லை. பரிந்துரைதானே, கட்டாயமில்லை.

கேரளாவில் 1980 முதலே துறைவாரிக் குழுக்கள் உண்டு. நம் சட்டமன்றத்தில் உள்துறைக்கென்று அப்படி ஒன்று இல்லாதது எனக்குக் குறையாகத்தான் படுகிறது.

தர்மபுரிக்கு வருபவை பொதுக் கணக்கு, மதிப்பீடு, உறுதிமொழி, மனுக்கள் குழுக்கள். வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன்: குழு வருகிறது என்றால் முதல் நாளே பிளீச்சிங் பவுடர் விழும், குழியில் ஜல்லி விழும். அதை விடுங்கள். எங்களுக்குத் தூக்கம் போனது, அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கும் உறுதிமொழிக் குழுவுக்குப் பதில் தயாரிக்கும்போதுதான். அவையில் அமைச்சர் போகிறபோக்கில் ‘ஆவன செய்யப்படும்’ என்று சொன்னதைக்கூடப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ‘நிலுவை’ என்று போட்டு மறுபடியும் கேட்பார்கள். கலெக்டர் மாறினாலும் அந்தக் கேள்வி மாறாது.

மனுக்கள் குழு வரும் அறிவிப்பைப் பார்த்தால் எழுதிப் போடுங்கள். பெரும்பாலும் 5 நகல் கேட்பார்கள். ஒரு மனுவில் ஒரு துறை, ஒரு பிரச்சினை. உங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் குடிநீர் வரவில்லையா, எழுதலாம். பட்டா, முதியோர் பென்ஷன், கோர்ட்டில் கிடக்கும் வழக்கு, மருமகனுக்கு வேலை என்றால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பட்டா, பென்ஷனுக்கெல்லாம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம்தான்.