லினக்ஸில் ஒரே மென்பொருளை நிறுவ ஏன் இத்தனை வழிகள்? எது சுலபம்?

கும்பகோணத்தில் சிறிய அச்சகம், கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட். அழைப்பிதழ் வடிவமைக்க இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைத் தேடினால் டெப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் என்று மூன்று வருகின்றன, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்ம ஊர்ப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டெப் என்பது வாய்க்கால் பாசனம். 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வகையின் முறை இது. உபுண்டு என்ற வகையும் மின்ட்டும் அதன் வழி வந்தவை. பல மென்பொருள்கள் ஒரே நிரல் நூலகங்களை, அதாவது பொதுவான நிரல் துண்டுகளை, பகிர்ந்துகொள்ளும். தேவையான துணைத் தொகுப்புகளை ஆப்ட் என்ற நிறுவல் கருவி தானே கொண்டுவந்துவிடும். வட்டில் இடமும் குறைவாகவே பிடிக்கும். ஆனால் ஒரு வயலுக்காக மட்டும் வாய்க்கால் மட்டத்தை உயர்த்த முடியாது இல்லையா? அதேபோல், புதிய இங்க்ஸ்கேப் புதிய நூலகம் கேட்டால், மற்ற மென்பொருள்கள் கெட்டுவிடக் கூடாதே என்று மின்ட் பழைய பதிப்பையே வைத்திருக்கும்.

ஃபிளாட்பேக் சொந்த பம்புசெட் மாதிரி. வேண்டிய நூலகங்கள் தனியாக வந்து இறங்கும். அதனால் மற்ற மென்பொருள்களைத் தொடாமல் புதிய பதிப்பைப் போடலாம், ஆனால் முதல் பதிவிறக்கம் பெரிது. கைபேசி இணையத்தில் செய்தால் டேட்டா கரையும். அப்புறம் போடும் மென்பொருள்கள் ஏற்கெனவே இறங்கிய அதே நூலகத் தொகுதியைப் பயன்படுத்தினால் பதிவிறக்கம் சிறிதாகிவிடும்.

ஆப்இமேஜ் ஒரே கோப்பு. இயக்க அனுமதி கொடுத்துத் திறந்தால் போதும், பென்டிரைவிலும் கொண்டுபோகலாம். புதுப்பிப்பது பெரும்பாலும் உங்கள் பொறுப்பு.

மின்ட்டின் மென்பொருள் மேலாளரிலேயே டெப், ஃபிளாட்பேக் இரண்டும் கிடைக்கும். முதலில் டெப்பை எடுங்கள். பதிப்பு பழசாக இருந்தால் ஃபிளாட்பேக். தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்வதற்கான ஐபஸ்-எம்17என் தொகுப்பை மட்டும் டெப்பாகவே போடுங்கள். அது கணினி முழுவதோடும் சேர்ந்து இயங்க வேண்டியது.