பொட்டாசியம் குறைந்தவருக்கு உப்பு ஏன் ஆகாது?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. போன மாதம் கல்யாண வீட்டில் ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தான். விடியற்காலையில் கை, கால் எதையும் அசைக்க முடியவில்லை. நினைவும் பேச்சும் நன்றாகவே இருந்தன. ரத்தத்தில் பொட்டாசியம் 2.1 என்றார்கள். மருந்து கொடுத்ததும் சாயந்திரமே எழுந்து நடந்துவிட்டான். தைராய்டு நார்மல். முன்பும் ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது. பரம்பரைக் கோளாறாக இருக்கலாம், சோற்றையும் உப்பையும் குறையுங்கள் என்றார் டாக்டர். குறைந்தது பொட்டாசியம்தானே, உப்பை ஏன் குறைக்க வேண்டும்? தினமும் இளநீர் கொடுத்தால் போதாதா?

பதில்: உங்கள் டாக்டர் சந்தேகிப்பது ஹைப்போகலீமிக் பீரியாடிக் பராலிசிஸ், அதாவது ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து தசைகள் அவ்வப்போது செயலிழக்கும் கோளாறு. ரத்தப் பரிசோதனையில் கண்ணில் படுவது பொட்டாசியம். ஆனால் தசையைச் செயலிழக்க வைப்பது சோடியம்.

ஒரே ஒரு தசை இழையை எடுத்துக்கொள்வோம். உள்ளே லிட்டருக்குச் சுமார் 150 மில்லிமோல் பொட்டாசியம், வெளியே 4 மட்டும். சோடியம் நேர்மாறு: வெளியே 140, உள்ளே 10 சொச்சம். பொட்டாசியம் மெல்ல வெளியே கசிவதால் இழையின் உட்புறம் சுமார் -85 மில்லிவோல்ட்டில் நிற்கிறது. நரம்பிலிருந்து உத்தரவு வந்ததும் சோடியம் கால்வாய்கள், அதாவது இழையின் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் புரத வாசல்கள், ஓரிரு மில்லிசெகண்டு திறந்து மூடும், இழை சுருங்கும். அப்போது எவ்வளவு சோடியம் நுழைகிறது? 1959-இல் ஆலன் ஹாட்ஜ்கினும் பால் ஹொரோவிட்ஸும் தவளைத் தசையிலிருந்து ஒற்றை இழைகளைப் பிரித்தெடுத்து, கதிரியக்கச் சோடியத்தை வைத்து இதை அளந்தார்கள். ஒரு துடிப்புக்கு, இழைக்குள் ஏற்கெனவே இருக்கும் சோடியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கூடுவதில்லை. அதைச் சவ்விலுள்ள புரதப் பம்பு சுலபமாக வெளியேற்றிவிடும்: 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே.

இந்தக் கோளாறு உள்ளவர்களிடம் கசிவு வேறு இடத்தில். தசையின் கால்சியம் கால்வாய், சோடியம் கால்வாய்ப் புரதங்களில் மின்னழுத்தத்தை உணரும் பகுதி உண்டு. பெரும்பாலானவர்களிடம் இவற்றில் ஏதேனும் ஒன்றில், அந்தப் பகுதியில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒன்று மாறிப்போயிருக்கும். அதனால் உண்டாகும் இடுக்கு வழியாகச் சோடியம் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கதவை மூடினாலும் கதவோரத்து ஓட்டை மூடாது. மற்ற நாட்களில் வெளியே கசியும் பொட்டாசியம் இதை ஈடுகட்டிவிடும்.

விருந்து இரவில் நடந்தது இதுதான். சோறும் இனிப்பும் இன்சுலினை ஏற்றின. இன்சுலின் பம்பை முடுக்கி, ரத்தத்துப் பொட்டாசியத்தைத் தசைக்குள் இழுத்தது. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் சுமார் 2 சதவீதம்தான் செல்களுக்கு வெளியே இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நகர்ந்தாலே அளவு சரிந்துவிடும். தம்பி பொட்டாசியத்தை இழக்கவில்லை. அது இடம் மாறியது. வெளியே பொட்டாசியம் குறைந்தால் ஆரோக்கியமான இழை இன்னும் எதிர்மின் பக்கம் போகும். ஆனால் பொட்டாசியக் கால்வாய்களின் கடத்துதிறனும் வெளிப் பொட்டாசியத்தோடு சேர்ந்தே இறங்குகிறது. சோடியம் கசியும் இழையில் அப்போது கசிவின் கை ஓங்கி, மின்னழுத்தம் -60 பக்கம் தாவிவிடும். அங்கே சோடியம் கால்வாய்கள் முடங்கிப்போகும், உத்தரவு வந்தாலும் திறக்காது. சோடியமும் அதோடு தண்ணீரும் உள்ளே சேர, இழை வீங்குகிறது. ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோடியத்தையே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. மூலம் இந்தச் சேர்க்கையை நோயாளிகளின் கால் தசையில் காட்டியிருக்கிறார்கள்.

இனி உப்பு. உப்பு கூடினால் சிறுநீரில் பொட்டாசியம் அதிகமாகப் போகும். ஏற்கெனவே விளிம்பில் நிற்பவருக்கு அது போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குகளைக் குறையுங்கள். உப்பே இல்லாத பத்தியம் தேவையில்லை. ராத்திரிச் சாப்பாடு அளவாக இருக்கட்டும். கடுமையாக ஓடியாடிவிட்டு உடனே படுக்கக் கூடாது. தாக்குதல் பெரும்பாலும் உழைப்புக்குப் பிந்தைய ஓய்வில்தான் வரும்.

இளநீரில் பொட்டாசியம் இருக்கிறது, குடிக்கலாம். ஆனால் தாக்குதலை நிறுத்த அது பற்றாது. பொட்டாசியம் மருந்தையோ, பொட்டாசியம் கலந்த 'சோடியம் குறைந்த' உப்பையோ நீங்களாகக் கூட்டாதீர்கள். தாக்குதல் விலகும்போது தசைக்குள் போன பொட்டாசியம் திரும்பி வரும். அதோடு மருந்தும் சேர்ந்தால் இதயத் துடிப்புக்கு ஆபத்து.

நம் ஊரில் யார் துவண்டு விழுந்தாலும் "குளுக்கோஸ் ஏத்துங்க" என்போம். இவருக்கு அதைத்தான் ஏற்றக் கூடாது. இன்சுலின் கூடி பொட்டாசியம் இன்னும் இறங்கும். அடுத்த முறை அவசரப் பிரிவில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூச்சுத் திணறலோ படபடப்போ வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். அறுவை சிகிச்சை எதுவானாலும் மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

முடிந்தால் மரபணுச் சோதனை செய்யுங்கள். தாக்குதலைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு என்ற மருந்து, கால்சியம் கால்வாய் மாற்றம் உள்ள பலருக்கு உதவுகிறது. சோடியம் கால்வாய் மாற்றம் உள்ள சிலருக்கு நிலைமையை மோசமாக்குகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருந்தால் உங்களுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அறிகுறி, குறிப்பாகப் பெண்களிடம், லேசாகவோ இல்லாமலோ இருக்கலாம் என்பதால், தம்பியின் முடிவு வந்ததும் நீங்களும் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.